றஜீனாவின் முதற் கப்பல்

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பதினைந்தாம் திகதி, புதன்கிழமை, முற்பகல் பதினொரு மணியளவில், தென்கிழக்கு லண்டனில் லூயிஷாம் பகுதியிலுள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கின் சிறிய மண்டபத்தில், திருமதி பெர்னடெற் கிறிஸ்துராஜா, தம் தோழி றஜீனா தமக்குத் தெரியாமல் கடற்பயணத்துக்கு ஆயத்தமாகிறார் என்பதை அறிந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. கணவர் கிறிஸ்துராஜா இறந்து ஒன்பது மாதங்கள் கடந்திருந்தன. றஜீனாவுடனான நட்போ நாற்பது ஆண்டுகளைத் தாண்டியிருந்தது.

புதன்கிழமைகளில் அந்த மண்டபத்தில் தமிழ்ப் பெண்கள் கூடுவார்கள். பூசைக்கு வருபவர்களும் சிவன் கோவிலுக்குப் போகிறவர்களுமாகப் பதினைந்து பேர்வரை சேர்வார்கள். கைகால்களை நீட்டி மடக்குவார்கள். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். கூட்டத்தை ஒழுங்குசெய்பவர் பெர்னடெற். கதிரை கோணலாக இருந்தாலும் எவராவது பிந்தி வந்தாலும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அஞ்சிப் பலர் நேரத்துக்கு வந்தார்கள்.

அன்று பல் வைத்தியரிடம் போய்வந்ததால் அவரே பிந்திவிட்டார். உள்ளே நுழைந்தபோது, மூலை மேசையில் மூன்று தலைகள் நெருங்கியிருந்தன. நடுவில் றஜீனா. அவருடைய இரு மணிக்கட்டுகளிலும் சாம்பல் நிறத்தில் துணிப் பட்டிகள்.

"இதென்னடி ரெண்டு கையிலயும்? ஆஸ்பத்திரியில கட்டிவிட்டதோ?" என்று கேட்டார் பெர்னடெற்.

றஜீனா கைகளை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். அருகிலிருந்த துசியந்தி, வந்த சிரிப்பை இருமலாக மாற்றினாள். பதில் சொன்னவர் தயாளினி. பாரிஸில் இருபத்தைந்து ஆண்டுகள் மரக்கறிக் கடை நடத்திவிட்டு, மகனோடு இருப்பதற்காக இரண்டு வருடங்களுக்கு முன் லண்டனுக்கு வந்தவர்.

"அது குமட்டிச் சத்தி வராமப் போடுற பட்டி, அக்கா. கப்பல்ல போகேக்க நரம்பை அமத்திப் பிடிக்கும். இப்பவே போட்டுப் பழகட்டும் எண்டு நான்தான் குடுத்தனான்."

"கப்பலோ? ஆர் கப்பல்ல போறது?"

"றஜீனாக்கா உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

றஜீனா சுவரைப் பார்த்தார். "சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்" என்றார், சுவரிடமே.

விடயம் இதுதான். கரீபியன் கடலில் தீவு தீவாகக் கப்பலிற் போவது. லண்டனிலிருந்து சென் லூசியாவுக்கு விமானம். அங்கிருந்து மார்ட்டினிக், பிறகு டொமினிக்கா, கடைசியில் குவாதலூப். ஒவ்வொரு தீவிலும் சில நாட்கள் தங்கிவிட்டு, அடுத்த தீவுக்குப் பயணிகள் கப்பலிலேயே கடப்பது. தயாளினியின் பாரிஸ் கடையில் ஈரப்பலாவும் வாழைக்காயும் வாங்க வந்தவர்களிற் பாதிப்பேர் அந்தத் தீவுக்காரர். அவர்கள் கூப்பிட்டு இருமுறை போய்வந்திருக்கிறார். பிரெஞ்சு மொழி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பெப்ரவரி மூன்றாம் கிழமையில் புறப்பாடு. போகிறவர்கள் தயாளினி, துசியந்தி, றஜீனா.

"நல்லது" என்றார் பெர்னடெற். "தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கவைச்சாச்சோ?"

அந்த 'நல்லது' என்ற சொல்லுக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்ல, பழைய கதை கொஞ்சம் வேண்டும்.

பெர்னடெற் யாழ்ப்பாணத்துக்கு அப்பாற் கடலிலுள்ள நெடுந்தீவில் பிறந்தவர். படிக்கவும் பல் பிடுங்கவும் சட்டை தைக்கவும் கடல் கடந்தவர். பஸ்ஸில் ஏறுவதுபோலப் படகில் ஏறி வளர்ந்தவர். றஜீனா யாழ்ப்பாணத்து இளவாலை ஊர்க்காரர். கடலை எட்ட நின்று பார்ப்பவர். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் மாதாவைக் கூப்பிடுபவர். ஆள் லண்டனுக்கு வந்து நாற்பது வருடமாகியும் படகில் ஏறியதில்லை. பிரான்சுக்கு எல்லாரும் கப்பலிற் போனபோது றஜீனாவுக்காக ரயிலுக்குக் காசு கொடுத்துத் தாமும் கூடவே போனவர் பெர்னடெற். கிரீனிச்சில் ஆற்றுப்படகில் ஏறுவோம் என்று கேட்டுத் தோற்றார். ஊருக்குப் போன மூன்று முறையும் நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறைவரை கூட்டிப்போய், "வா, ஒரு மணித்தியாலம்தான், நான் கையைப் பிடிச்சுக்கொண்டு வாறன்" என்று கெஞ்சினார். றஜீனா துறையிற் கட்டியிருந்த படகைப் பார்த்து, சிலுவை அடையாளம் போட்டு, வந்த வாகனத்திலேயே திரும்பி ஏறினார்.

அப்படிப்பட்டவர், நேற்று வந்த ஒருத்தி கேட்டவுடன் கையிற் பட்டியும் கட்டிக்கொண்டு நிற்கிறார்!

கூட்டம் முடிந்தபின் பெர்னடெற்றும் றஜீனாவும் சந்தை வழியாக நடந்து, மரக்கறி வாங்கி, பஸ் நிறுத்தத்திற் பிரிவது வழக்கம். அன்று றஜீனா, "தயாளினி காரில கொண்டுபோய் விடுறாவாம். வெயிலுக்குத் தொப்பி பாக்கவேணும். நீயும் வாவன்" என்றார். வாவன் என்ற அழைப்பு வாயிலிருந்து வந்ததே தவிர, கால் ஏற்கெனவே காருக்குள் இருந்தது.

"எனக்கென்னத்துக்குத் தொப்பி?" என்று சொல்லிவிட்டுப் பெர்னடெற் தனியே நடந்தார். கத்தரிக்காய் வாங்கினார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அதில் இரண்டு சொத்தை. நாற்பது வருடத்தில் சொத்தைக் கத்தரிக்காய் வாங்காதவர் அவர். அந்தப் பழியையும் தயாளினியின் கணக்கிலேயே போட்டார்.

பொறாமை என்பது வயதுக்கு மரியாதை கொடுப்பதில்லை. அன்று மாலை சமையலறையில் நின்று, தயாளினியின் குறைகளை ஒவ்வொன்றாக எண்ணிப்பார்த்தார். அவர் போடும் உதட்டுச் சாயம். வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிப் பிரெஞ்சில் முடிக்கும் பழக்கம். எல்லாரையும் முதல் நாளிலேயே கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் நல்லவர் என்பது. கிறிஸ்துராஜாவின் செத்தவீட்டுக்கு மூன்று நாளும் சாப்பாடு கொண்டுவந்தவர்களுள் அவரும் ஒருவர். வெறுப்பதற்கு வசதியில்லாத மனிதரை வெறுப்பது மிகவும் களைப்பான வேலை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் றஜீனாவுடன் தொலைபேசியிற் கதைப்பது அவருடைய நாளாந்த வழக்கம். அன்றும் அழைத்தார். குரலில் அக்கறை நிறைந்திருந்தது.

"போறது நல்லதுதான். ஆனா ரெண்டு தீவுக்கு நடுவில இருக்கிற கடல், கரையில நிண்டு பாக்கிற கடல் மாதிரி இல்லையடி. காத்து ஒடுங்கின வழியால வரும். அதுக்குத்தான் சொல்லுறன்."

"தயாளினி சொன்னவ, பெரிய கப்பலாம். உள்ளுக்குள்ள ஏசி எல்லாம் இருக்காம்."

"ஏசி அலையை நிப்பாட்டுமோ?"

மறுமுனையில் றஜீனா மாதாவைக் கூப்பிட்டார். அது பெர்னடெற்றுக்குச் சுவைத்தது.

மறுநாள் மாலை, தமக்குப் பன்னிரண்டு வயதில் நடந்ததைச் சொன்னார். வாடைக்காற்றுக் காலம், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட படகு, நடுக்கடலில் இயந்திரம் நின்றது. அலை மேற்தட்டில் அடித்தபடியால், பயணிகள் இருந்த கீழ்த்தட்டின் மூடியைச் சாத்தினார்கள். கீழே இருட்டு. பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் சத்தி எடுத்தார்கள். ஒரு கிழவி சாகிறவர்களுக்கான செபத்தைத் தொடங்கிவிட்டாள்.

"பிறகு?" என்றார் றஜீனா, காற்றுப் போன குரலில்.

"பிறகென்ன. அப்பிடித்தான்" என்று சொல்லிப் பெர்னடெற் பேச்சை மாற்றினார். கதை பொய்யில்லை, பின்பாதியைத்தான் அவர் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாலை றஜீனாவே அழைத்தார். நித்திரை வரவில்லை என்றும், கண்ணை மூடினால் மூடியைச் சாத்துகிற சத்தம் கேட்கிறது என்றும் சொன்னார். "நான் போகேல்லை. தயாளினிக்குச் சொல்லிப்போட்டன்" என்றார்.

"உனக்கு எது சரியெண்டு படுதோ அதைச் செய்" என்றார் பெர்னடெற். தொலைபேசியை வைத்தபின் தமக்கு மட்டும் ஒரு முட்டை பொரித்துச் சாப்பிட்டார். அதற்கு முதல் பல மாதங்களாக எதையும் ருசித்துச் சாப்பிட்டதாக அவருக்கு நினைவில்லை.

வெற்றி திங்கட்கிழமைவரை நீடித்தது. அன்று பகல் கதவு தட்டப்பட்டது. திறந்தால் தயாளினி, கையில் மாம்பழப் பெட்டியோடு.

"அக்கா, உங்களிட்ட ஒரு உதவி கேட்டு வந்தனான். றஜீனாக்கா வரமாட்டாவாம். நான் சொல்லி எடுபடேல்லை. நீங்கள் ஒருக்காச் சொன்னால் கேப்பா. எந்த நேரமும் 'பெர்னடெற் சொன்னவ, பெர்னடெற் சொன்னவ' எண்டுதானே அவவின்ர கதை. காரில ஏறினால் நீங்கள், இறங்கினால் நீங்கள். எனக்குச் சிலவேளை எரிச்சல் வரும், பாருங்கோ!"

இவளுக்கும் எரிச்சலா? அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று பெர்னடெற் எண்ணியதே இல்லை.

"உள்ளுக்க வாங்கோ" என்றார். மாம்பழத்தை வாங்கி வைத்தார். தேத்தண்ணீர் போட்டார்.

"நீங்களும் வந்திருந்தால் இவ்வளவு கரைச்சல் இல்லை" என்றார் தயாளினி. "ரெண்டு அறை எடுத்திருக்கிறம், நாலு பேருக்கு. நாலாவது இடம் இன்னும் சும்மாதான் கிடக்கு. நான் முதல்ல கேக்க நினைச்சதே உங்களைத்தான். துசியந்திதான் சொன்னவ, உங்களைக் கேக்க வேண்டாமெண்டு."

"ஏனாம்?"

தயாளினி கோப்பையைச் சுற்றினார். "கிறிஸ்துராஜா அண்ணைக்கு ஆண்டுத் திவசம் முடியேல்லைத்தானே. முடியமுன்னம் இப்பிடியான பயணத்துக்கு ஆரும் உங்களைக் கூப்பிட்டால் நீங்கள் அதை அவமரியாதையா எடுப்பீங்களாம். அதாலதான் உங்களுக்கு முன்னால கதைக்கவும் வேண்டாம், றஜீனாக்காவே மெல்லச் சொல்லட்டும் எண்டு முடிவெடுத்தம். நான் பிரான்சில இருந்தனான், எனக்கு உந்த முறையெல்லாம் மறந்துபோச்சு. பிழையாக் கேட்டிருந்தால் குறை நினைக்காதையுங்கோ."

துசியந்தி அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் பெர்னடெற்றுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் துசியந்தியின் மாமியார் இறந்து ஐந்து மாதத்தில், கிழக்கு லண்டனில் குட்மேய்ஸில் ஓர் உறவுக்காரக் கலியாணம் நடந்தது. துசியந்தி அங்கே ஆடினாள். ஆடிய காணொளி எல்லாருடைய கைப்பேசிக்கும் போனது. அடுத்த புதன்கிழமை, பதினைந்து பெண்களுக்கு நடுவில், கையிற் பிடித்த கோப்பையைக் கீழே வைக்காமலே பெர்னடெற் கேட்டார்: "ஆண்டு முடியாமச் சேலையும் உடுத்துக்கொண்டு ஆட உனக்குக் கால் எப்பிடி வந்தது?" துசியந்தி அழுதாள். அதன்பிறகு ஒரு மாதம் மண்டபத்துக்கு வரவில்லை. அந்த நாளிலிருந்து ஆண்டு முடியாத வீட்டாரை எவரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. பெர்னடெற் அதைத் தம் ஒழுங்கின் வெற்றியாகவே எண்ணியிருந்தார்.

அவர்கள் மறைத்தது வஞ்சகத்தால் அல்ல. அவருடைய சட்டத்துக்குப் பயந்து. தாம் பூட்டிய கதவுக்கு வெளியே தாமே நின்று, உள்ளிருப்பவர்கள் கூப்பிடவில்லையே என்று இரண்டு மாலைகள் றஜீனாவின் காதில் நஞ்சு ஊற்றியிருக்கிறார்.

தயாளினி போனபின் பெர்னடெற் கறுப்பு மேலங்கியை அணிந்துகொண்டு றஜீனா இருக்கும் கட்ஃபோர்டுக்குப் பஸ் ஏறினார். றஜீனாவின் வீட்டில் பயணப்பெட்டி பாதி அடுக்கியபடி வரவேற்பறை நடுவில் திறந்து கிடந்தது; அடுக்கியதை வெளியே எடுக்கவும் அவருக்கு மனம் வரவில்லைப் போலும். மேலே புதிய வைக்கோற் தொப்பி.

"அந்தப் படகுக் கதையில மிச்சம் ஒண்டு இருக்கு" என்றார் பெர்னடெற், உட்காராமலே.

"என்ன மிச்சம்? ஆரும் செத்ததோ?"

"ஒருத்தரும் சாகேல்லை. கொஞ்ச நேரத்தில இயந்திரத்தைத் திருத்திப்போட்டாங்கள். கரைக்குப் போய் இறங்கி, கடையில பணிஸ் வாங்கித் திண்டனாங்கள். சாகிற செபம் சொன்ன கிழவி ரெண்டு திண்டவ."

றஜீனா அவரை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பணிஸோ?"

"ரெண்டு."

"அப்ப அதை ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை? நான் நாலு நாளா நித்திரை கொள்ளேல்லையடி!"

"எரிச்சல். அதுதான். நான் எத்தினை முறை கூப்பிட்டனான்? துறை மட்டும் வந்துபோட்டுத் திரும்பினனீ. இவ கேட்டவுடன வெளிக்கிட்டிட்டாய்."

றஜீனாவுக்குக் கோபம் வந்தது. மென்மையான மனிதருக்குக் கோபம் வந்தால் அது நேராக வரும். "நீ கூப்பிட்டனீ, ஓம். எப்பிடிக் கூப்பிட்டனீ? 'இதுக்கும் பயமோ, நாங்கள் குழந்தைப்பிள்ளையில ஏறினனாங்கள்' எண்டு. அவ தனக்கும் பயம் எண்டு சொன்னவ. முதற்தரம் கப்பல்ல அழுததாம். ரெண்டு பேரும் பயந்து பயந்து போவம் எண்டவ. அதாலதான் ஓம் எண்டனான்."

பெர்னடெற் பெட்டியின் ஓரத்திலிருந்த சட்டையை எடுத்து, ஒழுங்காக மடித்து, திரும்பவும் வைத்தார். பிறகு சொன்னார்:

"நாலாவது இடம் சும்மா கிடக்காம். நான் வரட்டோ?"

"ஆண்டு முடியேல்லையே?"

"முடியேல்லை."

"அப்ப மனசை ஆத்தவோ வாறாய்?"

"இல்லை. எரிச்சல்லதான் வாறன். நீ அவவோட போய்க் கடலைக் கடக்கிறதை நான் இஞ்ச லூயிஷாமில இருந்து யோசிச்சுக்கொண்டிருக்க என்னால ஏலாது."

றஜீனா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பினிடையே மூக்கையும் துடைத்தார். "உன்னைத் திருத்தேலாது. வா. ஆனா ஒண்டு. முதற் கப்பல்ல எனக்குப் பக்கத்தில தயாளினிதான் இருப்பா. அவதான் என்னைக் கூப்பிட்டவ. அதை நான் மாத்தமாட்டன்."

பெர்னடெற் வேண்டியது அந்த ஒன்றைத்தான். முதற் கடல். கரை விலகும்போது றஜீனாவின் கை யாருடைய கையைப் பிடிக்கும் என்பது. அது போய்விட்டது.

"சரி" என்றார்.

"இன்னும் ஒண்டு. துசியந்திக்கு நீ சொல்லவேணும். எல்லாருக்கும் முன்னால ஏசினனீ, எல்லாருக்கும் முன்னாலதான் சொல்லவேணும்."

புதன்கிழமை வந்தது. பெர்னடெற் நேரத்துக்கு முன்பே போய்க் கதிரைகளை ஒழுங்குபடுத்தினார். எல்லாரும் கூடியபின், தாமும் அந்தப் பயணத்துக்குப் போவதாக அறிவித்தார். துசியந்தி மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"அன்ரி, ஆண்டு?"

"முடியேல்லை, பிள்ளை."

"அப்ப நான் அண்டைக்குக் கலியாணத்துக்குப் போனது?"

பெர்னடெற் கோப்பையைக் கீழே வைத்தார். "அதில பிழையில்லை. நான் ஏசினதுதான் பிழை."

"ஆடினதும் பிழையில்லையோ?"

"ஆடினதும் பிழையில்லை." பிறகு அடக்க முடியாமற் சொன்னார்: "ஆட்டம் வடிவில்லை. அது வேற."

துசியந்திதான் முதலிற் சிரித்தாள். "கப்பல்ல ஆடிக் காட்டுறன், அன்ரி. நீங்கள் திருத்திவிடுங்கோ!" என்றாள். தயாளினி எழுந்து வந்து பெர்னடெற்றைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைத்தார். பெர்னடெற் அதைப் பொறுத்துக்கொண்டார்.

இறுதியில் முடிவானது வருமாறு. நால்வரும் பெப்ரவரி மூன்றாம் கிழமையில் புறப்படுவார்கள். பெர்னடெற் கறுப்பு உடுப்பே அணிவார். தீவுகளில் ஆட்டபாட்ட ஊர்வலம் ஏதும் நடந்தால் அதற்குப் போகமாட்டார். மற்றவர்கள் போவதைத் தடுக்கவும் மாட்டார். கிறிஸ்துராஜாவின் ஆண்டுத்திவசப் பூசை, குறித்தபடி ஏப்ரல் மாதத்தில் நடைபெறும். தங்கும் இடங்களில் றஜீனாவும் தயாளினியும் ஓர் அறை. பெர்னடெற்றும் துசியந்தியும் மற்ற அறை. சென் லூசியாவிலிருந்து மார்ட்டினிக்குக்குப் போகும் முதற் கப்பலில் றஜீனாவுக்குப் பக்கத்தில் தயாளினி இருப்பார். பெர்னடெற் பின்வரிசையில் இருப்பார், கடலைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார். இரண்டாம் கப்பலில் பெர்னடெற் பக்கத்தில் இருப்பார். மூன்றாவதைப் பற்றி, முதல் இரண்டும் முடிந்தபின் றஜீனாவே தீர்மானிப்பார். இந்த ஏற்பாட்டுக்கு நால்வரும் சம்மதித்தார்கள். பெர்னடெற் கடைசியாகச் சம்மதித்தார்.